வண்டி எங்க நிக்குது, நீங்க எங்க நிக்கறீங்க?

போன மாதம் எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பல வருடம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்காருகிறாள். நடுவழியில் வண்டி நின்றுபோனவர்களின் போனை எடுக்கிற வேலை. இப்போதெல்லாம் வண்டி எங்கே நிற்கிறது, எதனால் நின்றது என்று கம்ப்யூட்டர் திரையிலேயே வந்துவிடுகிறதாம். "எல்லாம் வருதுங்க்கா. பதறிக்கிட்டுப் பேசற ஆளுகிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் வரமாட்டேங்குது" என்றாள். நேரில் வந்து புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேச முடியுமா என்று கேட்டாள். எனக்குப் போனில்தான் பேச வரும், நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் ஜெயசீலி. சொந்த ஊர் நாசரேத் பக்கம். என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். கல்யாணமாகி வந்ததும் நானும் அதே கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்து ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. கண் எரிச்சல் தாங்காமல் வேறு வேலை தேடியபோது, சர்ச்சில் பழக்கமான ஒருவர் அவினாசி ரோட்டில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் டெலிபோன் ஆபரேட்டர் வேண்டுமாம் என்றார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்களில் ஒன்று அது.

அந்த ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ் மேனேஜர் நாச்சிமுத்து சார். குன்னத்தூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கையில் எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டு இருக்கும். கையில் கிரீஸ் இல்லாவிட்டாலும் துடைத்துக்கொண்டே இருப்பார். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, கார் ஓட்டத் தெரியுமா என்பது. தெரியாது சார் என்றேன். அதோடு வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"ரொம்ப நல்லதுங்க. கூப்பிடறவங்களுக்கும் வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்களுக்குப் புரியற மாதிரி நான் சொல்றேன். நீங்க அவங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

எங்களிடம் பிரேக்டவுன் வேன் ஒன்றே ஒன்றுதான். அது வெள்ளகோவிலில் ஒரு வண்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது பல்லடத்தில் இன்னொரு வண்டி நிற்கும். எக்ஸ்போர்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம். நேற்றுவரை மொபெட்டில் போனவர்கள் எல்லாம் கார் வாங்கினார்கள். சட்டைப் பையில் செல்போனும் வந்துவிட்டது. ஓட்டத் தெரிந்தது, நின்றுபோனால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வேன் போய்ச் சேரும்வரை, அல்லது வேனே போகத் தேவையில்லாதபடி, அவர்கள் கையாலேயே செய்யவைப்பதுதான் என் வேலை.

பயிற்சி என்று அதிகம் இல்லை. முருகேசன் என்ற மெக்கானிக்கை யார்டில் ஒரு காரின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, என்னை ஆபீஸ் அறையில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார் சார். இரண்டு பேர் கையிலும் போன். முருகேசன் ஒன்றும் தெரியாத கஸ்டமர், நான் அவரை வழிநடத்த வேண்டும். முருகேசன் அந்த வேஷத்தை ரசித்துச் செய்தார். பானெட்டைத் திறங்கள் என்றால் "பானெட்டுன்னா டிக்கிங்களா?" என்பார். ஆயில் பார்க்கிற கம்பியை உருவுங்கள் என்றால், "இங்க கம்பி நெறையா இருக்குதுங்க, எல்லாத்தையும் உருவீட்டா போதுங்களா?" என்பார். முதல் வாரம் எனக்கு அழுகையே வந்தது. அப்புறம்தான் பிடிபட்டது. பெயர் சொல்லக் கூடாது. மஞ்சள் வளையம் ஒன்று தெரிகிறதா, அதில் விரலை விட்டு மேலே இழுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சார் வைத்திருந்த முறை மிகவும் எளிது. யார் கூப்பிட்டாலும், எவ்வளவு கத்தினாலும், முதலில் கேட்க வேண்டியது, "வண்டி எங்க நிக்குது, நீங்க எங்க நிக்கறீங்க?" இரண்டும் ஒன்றல்ல என்பார். வண்டி ரோட்டோரம் நிற்கும், ஆள் லாரி வருகிற பக்கம் நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். ஆளை முதலில் மண் பக்கம் இறக்கு, அப்புறம் வண்டியைப் பார்க்கலாம். அடுத்த கேள்வி, கூட யார் யார் இருக்கிறார்கள். அதற்கடுத்து, என்ன தெரிகிறது, என்ன சத்தம், என்ன வாசனை. என்ன ரிப்பேர் என்று கேட்கவே கூடாது. கேட்டால், தெரியாதவர்கூட ஒரு ரிப்பேர் பெயரைச் சொல்லிவிடுவார். நாமும் அதை நம்பிவிடுவோம்.

இன்னொன்றும் உண்டு. பயப்படாதீர்கள் என்று சொல்லக் கூடாது. "அதச் சொன்னா, பயப்படற மாதிரி என்னமோ இருக்குதுன்னு அவங்க நெனச்சுக்குவாங்க. கைக்கு ஒரு வேலை குடுங்க, பயம் தானா எறங்கும்" என்பார்.

எனக்குக் கொங்குப் பேச்சு பழகத்தான் நாளாயிற்று. எங்கள் பக்கத்தில் "என்ன வேணும்?" என்று கேட்டால் மரியாதைக் குறைவில்லை. இங்கே அது சண்டைக்கு வருவது மாதிரி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' தைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரரிடமும் "சாப்பிட வாங்க, ரசம் ஊத்தட்டுங்களா" என்று நான் பேச ஆரம்பித்ததும் அவர், இது என்ன டிபன் கடையா என்று சிரித்தார்.

சிரிப்பான போன்களே நிறைய. ஒரு சித்திரை வெயிலில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் ஒருவர் கூப்பிட்டார். சரக்கு வாங்க வந்திருந்த வெளிநாட்டுக்காரருக்குக் காட்ட வேண்டிய சாம்பிள் துணிகள் பின்சீட்டில். வண்டியின் சூடு காட்டும் முள் சிவப்பில் நிற்கிறது. ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கச் சொன்னேன். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே கூடாது, திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்றேன். சூடு இறங்கட்டும் என்று காத்திருந்து, பக்கத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் அளவு பார்க்கவைத்தேன். தண்ணீர் சரியாகவே இருந்தது, ஒழுகவும் இல்லை. ஃபேன்தான் சுற்றவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குக் கொஞ்ச தூரம்தான். அதனால், ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுசாக வையுங்கள், கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு மெதுவாக வாருங்கள், முள் மறுபடி ஏறினால் நிறுத்திவிடுங்கள் என்றேன். இன்ஜின் சூட்டை ஹீட்டர் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நான் சொன்னதை அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஏனுங்க, இந்த வெயில்லயா ஹீட்டருங்க? என்மேல எதாச்சும் கோவமுங்களா?" என்று கேட்டார்.

வந்து இறங்கும்போது ஆற்றில் குளித்து எழுந்தவர் மாதிரி இருந்தார். சாம்பிள் துணியில் மட்டும் ஒரு சொட்டு வேர்வை படவில்லை. கவர் போட்டுத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

இன்னொரு நாள், நிச்சயதார்த்தத்துக்குப் போன கார் வெள்ளகோவில் தாண்டிப் பஞ்சர். ஓட்டியது ஒரு பெண். மாப்பிள்ளையின் அக்காவாம். கூட வந்தவர்கள் எல்லாரும் பட்டுப்புடவைக்காரர்கள். சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியவில்லை, ஸ்பானரைப் பிடித்து அழுத்தினால் சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறது என்றார். ஜாக்கி போட்டு முதலிலேயே தூக்கிவிட்டார்கள். எல்லாரும் செய்கிற தப்புதான் அது. சக்கரத்தைத் தரையில் இறக்கச் சொன்னேன். நட்டு தளரும்வரை சக்கரம் மண்ணில்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் அது சுற்றாது. இறக்கியும் நட்டு அசையவில்லை. அப்படியானால் கையால் முடியாது, ஸ்பானர் கம்பியின் நுனியில் ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கள்ல கொஞ்சம் கனமா இருக்கறது யாருங்க?"

அந்தப் பக்கம் குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. கடைசியில், "சம்பந்தியம்மாதானுங்க. ஆனா அதை நாங்க எப்புடிங்க சொல்றது?" என்றார் அந்தப் பெண் சின்னக் குரலில். சம்பந்தியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காரைப் பிடித்துக்கொண்டு ஸ்பானர்மேல் ஏறி நின்றார். நட்டு 'கிறீச்' என்று தளர்ந்த சத்தம் எனக்கே போனில் கேட்டது. ஒவ்வொரு நட்டுக்கும் எல்லாரும் கை தட்டினார்கள். கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்தது.

இப்படியே போயிருந்தால் நான் எழுத இவ்வளவுதான் இருந்திருக்கும். ஒரு போன் மட்டும் வேறு மாதிரி.

பங்குனி கடைசி. மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்திருந்தேன். ஒரு பெரியவரின் குரல். புது வண்டி, காங்கயம் ரோட்டில் நிற்கிறது, கதவு பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டது, ஆள் அனுப்புங்கள் என்றார். வண்டியின் பின்கண்ணாடியில் நாங்கள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்து நம்பரைப் படித்துக் கூப்பிட்டிருக்கிறார். பூட்டிக்கொண்ட வண்டி அவசரமில்லை என்று நினைத்து, வழக்கம்போல முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் மரத்தடியில்தான் நிற்கிறார். வண்டி வெயிலில். அடுத்து, கூட யாருங்க இருக்காங்க என்றேன்.

"பேரன் இருக்கானுங்க. உள்ள இருக்கானுங்க அம்மிணி."

டப்பாவை மூடினேன்.

அவர் பெயர் சென்னியப்பன். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம். மகள் பூங்கொடி திருப்பூரில் கணவரோடு பனியன் யூனிட் நடத்துகிறார். ஷிப்மென்ட் அனுப்புகிற நெருக்கடி, அதனால் மகளின் குழந்தை கவினை அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, தன் ஊருக்கு அழைத்துப் போகிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று நடந்தது இதுதான். குழந்தை பின்சீட்டில் தூங்கிவிட்டான். மகளே போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். வண்டிக்குள் சிக்னல் சரியாக இல்லை. ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, லாரிப் புழுதி வரும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, இறங்கிப் பேசியிருக்கிறார். பேசி முடித்துத் திரும்பினால் குழந்தை விழித்து, முன்சீட்டுக்கு வந்து, டிரைவர் கதவின் பூட்டுக் குமிழை அழுத்திவிட்டான். அந்த வண்டியில் அதை அழுத்தினால் நாலு கதவும் பூட்டிக்கொள்ளும்.

நான் மேஜைமேல் இருந்த மணியை அடித்தேன். நாச்சிமுத்து சார் வந்தார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு இரண்டே வார்த்தையில் சொன்னேன். அவர் முருகேசனை வேனோடு கிளம்பச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். போனை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "உங்க குரல் அவருக்குப் பழகிருச்சுங்க. நீங்களே பேசுங்க" என்றார்.

பூட்டிய காருக்குள் சூடு எவ்வளவு வேகமாக ஏறும் என்று சார் எனக்கு ஒருமுறை காட்டியிருந்தார். யார்டில் நின்ற வண்டிக்குள் என்னை உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றினார். என்னால் தாங்க முடியாமல் நானே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தேன். குழந்தைக்கு அது இன்னும் மோசம்.

பெரியவரிடம், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். எதிரில் ஒரு தையல் யூனிட் இருந்தது. கத்திக் கூப்பிடச் சொன்னேன். சாப்பாட்டு நேரமாதலால் ஆட்கள் வெளியே இருந்தார்கள். ஓடி வந்தார்கள். யூனிட்டில் பனியன் துணி எவ்வளவு இருந்தாலும் கொண்டுவந்து, தண்ணீரில் நனைத்து, வண்டியின் கூரைமேலும் வெயில் அடிக்கிற பக்கத்துக் கண்ணாடிமேலும் போடச் சொன்னேன். கட்டிங் டேபிளில் விரித்திருந்த துணியைக் கற்றையாகத் தூக்கி வந்தார்களாம்.

அடுத்தது குழந்தையையே குமிழை மேலே இழுக்கவைப்பது. அவன் அழுத்தியவன்தானே. ஆனால் சுற்றிலும் முகங்கள், ஆளாளுக்குக் கண்ணாடியைத் தட்டுகிறார்கள். அவன் மிரண்டு அழுகிறான். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். அப்புச்சி முகம் மட்டும் கண்ணாடியில் தெரியட்டும், விரலால் மேலே இழுத்துக் காட்டுங்கள், சிரித்துக்கொண்டே செய்யுங்கள் என்றேன். அவர் முயன்றார். "கண்ணு, இப்புடி, இப்புடிப் புடி கண்ணு" என்று அவர் கெஞ்சுவது எனக்குக் கேட்டது. குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டுகிறானே தவிரக் குமிழைத் தொடவில்லை.

கண்ணாடியை உடைக்கலாம் என்று சொன்னேன். அவர் ஒப்பவில்லை. கண்ணாடி தெறித்துக் குழந்தை கண்ணில் பட்டால் என்ன செய்வது என்றார். இன்னொரு சாவி வீட்டில் இருக்கிறது, உங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே மச்சினனுக்குச் சொல்லிவிட்டேன், அவன் பைக்கில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், இதோ வந்துவிடுவான் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. சாவி வந்தால் ஒரு கீறல் இல்லாமல் கதவு திறக்கும். நான் சாரைப் பார்த்தேன். அவர் துண்டால் கையைத் துடைத்தபடி, குழந்தை என்ன பண்றான்னு கேட்டுக்கிட்டே இருங்க என்று மட்டும் சொன்னார்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். அழுகிறான் என்றார். வேர்த்திருக்கிறான் என்றார். வேர்க்கட்டும், அழட்டும், அது நல்லது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம் பெரியவரின் குரலில் ஒரு நிம்மதி வந்தது.

"அழுகைய நிறுத்தீட்டானுங்க அம்மிணி. பாவம், தூங்கறானாட்டம் இருக்குதுங்க."

அது தூக்கமில்லை, சூட்டில் வந்த மயக்கம். சார் துண்டை மேஜைமேல் வைத்துவிட்டார். அவர் அதைக் கீழே வைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

போனைப் பக்கத்தில் இருக்கிற வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். தையல் யூனிட்டின் லைன் சூப்பர்வைசர் ஒரு பெண் வாங்கினாள். பெயர் செல்வராணி. "சொல்லுங்க அக்கா, நான் நிக்கேன்" என்றாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சான அந்த 'நிக்கேன்' காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ, இத்தனை வருடம் தைத்து வைத்திருந்த 'ங்க' எல்லாம் பிரிந்து போய்விட்டது.

"புள்ள எங்கன கெடக்கான்?"

"டிரைவர் சீட்டுல சரிஞ்சு கெடக்கான் அக்கா."

"அப்போ பின்னாடி, இடது பக்கக் கதவுக் கண்ணாடிய ஒடைக்கணும். முன்கண்ணாடி வேண்டாம், அது ஒடையாது. உங்க கம்பெனில பெட்டி ஒட்டுத டேப் இருக்கும்லா? அத எடுத்துக் கண்ணாடி முழுக்க ஒட்டு. மிசின் மெக்கானிக்க ஸ்குரூ டிரைவரும் சுத்தியலும் எடுத்துட்டு வரச் சொல்லு."

பேக்கிங் பகுதியில் வேலை பார்த்த ஒரு வடநாட்டுக்காரர், அவள் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டு டேப் சுருளோடு ஓடிவந்தாராம். டேப்பை இழுக்கிற 'பர்ர்' சத்தம் எனக்குக் கேட்டது. பெட்டி ஒட்டிப் பழகிய கை, நான் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடியை மூடிவிட்டது. மெக்கானிக்கிடம் நடுவில் அடிக்க வேண்டாம், கீழ்மூலையில் ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி என்று சொல்லச் சொன்னேன்.

அப்போது பெரியவர் குறுக்கே விழுந்து, சாவி வந்துவிடும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வது கேட்டது. செல்வராணி தயங்கினாள். "அக்கா, ஐயா வேண்டாங்காரே?"

"ஒடைக்கச் சொன்னது நான்தான்னு சொல்லு. ஒடை, ராணி."

அடி விழுந்தது. முதல் அடியில் ஸ்குரூ டிரைவர் வழுக்கிவிட்டது. இரண்டாவது அடிக்கு, ஜல்லியைக் கொட்டியது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் போன் எங்கோ விழுந்தது. ஆட்கள் கத்துவது, காலடிச் சத்தம், எதுவும் எனக்குப் புரியவில்லை. நான் "ராணி, ராணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

ரொம்ப நேரம் கழித்து, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, செல்வராணி மறுபடி பேசினாள். டேப்போடு கண்ணாடியைத் துணிபோல உள்ளே தள்ளி, கையை விட்டுக் குமிழை இழுத்து, அவளே உள்ளே புகுந்து குழந்தையைத் தூக்கியிருக்கிறாள். உடம்பு அடுப்பு மாதிரி சுடுகிறது என்றாள். நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன், விசிறச் சொன்னேன், முழிக்கிற வரைக்கும் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றேன். அப்புறம் வீல் என்று ஒரு அழுகை கேட்டது. அவ்வளவு கோபமான அழுகையை நான் கேட்டதே இல்லை. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே நானும் அழுதேன். யூனிட்டின் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

சார் என் கையில் இருந்து ரிசீவரை எடுத்து வைத்தார். விரல்கள் அதைப் பிடித்தபடியே மடங்கிப் போயிருந்தன. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "சாப்பாட்ட முடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் போன் நான் பார்க்கறேனுங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வேன் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் மச்சினன் சாவியோடு வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் முருகேசனும் எங்கள் வேனோடு போய்ச் சேர்ந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. குளுக்கோஸ் ஏற்றி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் சாவி வந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் புது வண்டியை உடைத்திருக்க வேண்டாமே என்று அவர்கள் உறவில் யாரோ போன் செய்து சாரிடம் கேட்டார்கள். எனக்கு முகம் செத்துவிட்டது. சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாவி வந்தது இப்ப நமக்குத் தெரியுதுங்க. அந்த நிமிசத்துல யாருக்கும் தெரியலீங்களே. இதே மாதிரி இன்னொரு தடவ நடந்தாலும் அவங்க இதையேதான் சொல்லோணும், நானும் சொல்லச் சொல்லுவேன்" என்றார்.

அடுத்த வாரம் கண்ணாடி மாற்ற வண்டி வந்தது. மகள் பூங்கொடியும் வந்திருந்தார், இடுப்பில் கவின். ஒரு கையால் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கவின் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். பெரியவர் சென்னியப்பன் உள்ளே வராமல் யார்டில் பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் குழந்தை உள்ளே கிடந்தபோதும் சரி, வெளியே எடுத்த பிறகும் சரி, அவர் மகளுக்குச் சொல்லவில்லை. யாரோ ஆஸ்பத்திரியில் இருந்து சொல்லித்தான் பூங்கொடிக்குத் தெரிந்ததாம். அன்றிலிருந்து குழந்தையைத் தன் அப்பா கையில் கொடுப்பதில்லை என்று பூங்கொடியே என்னிடம் சொன்னார். "கோவமில்லீங்க்கா. கையில குடுக்கப் போனா எனக்கு ஒடம்பு நடுங்குது" என்றார். பெரியவரிடம் நான் போய்ப் பேசினேன். நல்லா இருக்கீங்களா அம்மிணி என்று கேட்டுவிட்டு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து சார் அன்றைக்கு வேறு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒர்க்‌ஷாப்பின் பின்னால் விபத்தில் நசுங்கிய ஒரு கார் கிடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டி. முன்பக்கம்தான் போயிருந்தது, கதவுக் கண்ணாடிகள் நன்றாக இருந்தன. ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு அதன் முன் நிறுத்தினார். வெல்டிங் கண்ணாடியும் கையுறையும் கொடுத்தார். போனில் சொல்கிறவர்கள் ஒருமுறையாவது உடைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் யோசனை.

முதலில் நான். போனில் அவ்வளவு உறுதியாகச் சொன்னவள், சுத்தியலைக் கையில் வாங்கியதும் எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. பதற்றத்தில் கண்ணாடியின் நடுவிலேயே அடித்தேன். சுத்தியல் துள்ளிக்கொண்டு என் தோளுக்கே திரும்பி வந்தது. "ஏனுங்க்கா, நடுவுல அடிக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்களாமா" என்றார் முருகேசன். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து ஸ்குரூ டிரைவரை மூலையில் வைத்து அடித்தேன். ஒரு கணம் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்தது. அப்புறம் கல்கண்டு மூட்டையை அவிழ்த்தது மாதிரி அப்படியே கொட்டியது. கையில் அது ஏற்படுத்திய உணர்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது திறந்தது போல. அடுத்து வந்த கேஷியர் அம்மா உடைத்துவிட்டு, இன்னொன்று உடைக்கலாமா என்று கேட்டார்.

இதையெல்லாம் பூங்கொடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல முன்னால் வந்தார்.

"நானும் ஒண்ணு ஒடைக்கட்டுங்களா?"

சார் சுத்தியலை நீட்டினார். ஒரு கண்ணாடிதான் மீதம் இருந்தது. பூங்கொடி சுத்தியலை வாங்கக் கை நீட்டிய பிறகுதான் இடுப்பில் குழந்தை இருப்பது நினைவுக்கு வந்தது போலும். யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தார். நான் கையை நீட்டினேன். கேஷியர் அம்மாவும் நீட்டினார். பூங்கொடி எங்களைத் தாண்டி நடந்து போய், டயர்மேல் உட்கார்ந்திருந்தவர் முன்னால் நின்றார்.

"இவனக் கொஞ்சம் புடிங்கப்பா" என்றார்.

பெரியவர் எழுந்தார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். பூங்கொடி திரும்பி வந்து, வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூலையில் ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்து ஒரே அடி அடித்தார். நாங்கள் எல்லாரும் கொட்டுகிற கண்ணாடியைப் பார்த்தோம். பெரியவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. சத்தத்துக்குப் பயந்துவிடக் கூடாதென்று பேரனின் காதைப் பொத்தி, முகத்தைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.